துக்கம் முடிந்த தேதி

வான்வழி நலச் சான்று வாரியத்தின் படிவத்தில் மொத்தம் அறுபத்து நான்கு கேள்விகள். அறுபத்து மூன்றுக்குக் குமாரசாமி சரியாகப் பதில் சொன்னார். ஒன்றுக்கு உண்மையைச் சொன்னார்.

அந்த ஜனவரி காலை வரை அவர்மேல் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. வயது அறுபத்தொன்று. உடுமலைப்பேட்டைக்காரர். டெக்சாஸுக்கு வந்து முப்பது வருடம், பேர்லேண்டில் வீடு வாங்கி இருபது வருடம். எண்ணெய்க் குழாய்களுக்கு வால்வு செய்யும் கம்பெனியில் எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன விமானம் ஓட்டும் லைசென்ஸ் பன்னிரண்டு வருடமாக இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வாரியத்தின் பட்டியலில் உள்ள டாக்டரிடம் போய் நலச் சான்று வாங்கிவிட்டால் போதும்; தொடர்ந்து பறக்கலாம்.

டாக்டர் ஜெஃப்ரின் நாகர்கோவில்காரர். ஹில்கிராஃப்ட் பக்கம் கிளினிக். குமாரசாமியை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், காதுக்குப் பின்னால் கிசுகிசுத்தார்.

"அங்கிள், கண்ணு சூப்பர். காது சூப்பர். பிபி என்னைய விட நல்லாருக்கு. மிச்சத்த நானே டிக் பண்ணிருதேன். நோ, நோ, நோ, நோ..."

"இருங்க டாக்டர். முப்பத்தெட்டுல என்ன கேட்டிருக்கான்?"

"அது சும்மா. பக்கத்துல இல்லாத ஆளுங்ககூட பேசுற பழக்கம் உண்டான்னு. நோ போட்டாச்சு."

"அதெப்படிங்க நோ போடுவீங்க? நான் பேசறனே."

"ஃபோன்லயா?"

"இல்லீங்க. புஷ்பாகூட."

டாக்டரின் பேனா நின்றது. புஷ்பவல்லியின் காரியத்துக்கு அவரும் வந்திருந்தார். நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

குமாரசாமி விளக்கினார். "காலைல காப்பி போட்டு அவ போட்டோ முன்னால ஒரு டம்ளர் வெப்பனுங்க. வாசல்ல நின்னு காத்து எந்தப் பக்கம், மேகம் எவ்வளவு ஒசரம்னு பாத்துட்டு வந்து அவகிட்டச் சொல்லுவேன். ரெண்டு நிமிசம். அதுக்கு மேல இல்லீங்க."

"எங்கம்மா எங்கப்பா கல்லறைல போயி ஒக்காந்து மணிக்கணக்கா பேசுவா, அங்கிள். எனக்குத் தெரியும். இந்த ஃபார்முக்குத் தெரியாதே. நோன்னே இருக்கட்டும்."

"முதப் பக்கத்துலயே பொய் எழுதப்படாதுன்னு செவப்புல போட்டிருக்கானுங்க. அந்தப் ப்ளேன்ல ஏழு வருசமா ஒரு ரிவெட்டுக்குக்கூட நாங்க பொய் எழுதினதில்லை டாக்டர். 'எஸ்' போட்ருங்க."

டாக்டர் ஜெஃப்ரின் நெற்றியைத் தடவினார். பிறகு, ஒரு நல்ல மனிதரின் வாழ்க்கையை ஒரு சின்னக் கோட்டால் கெடுக்க முடியும் என்று தெரிந்தவர் போல, மிக மெதுவாக 'எஸ்' என்று டிக் செய்தார்.

*

அந்த விமானத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் குமாரசாமி எதற்காக இத்தனை பாடுபட்டார் என்பது புரியாது.

அது கடையில் வாங்கியதல்ல. அலுமினியத் தகடுகளாகப் பெட்டியில் வந்தது. புருஷனும் பெண்டாட்டியுமாகப் பேர்லேண்ட் வீட்டின் கராஜில் கட்டினார்கள். ஏழு வருடம் இரண்டு கார்களும் மழையில் நின்றன. இரண்டு பேர் உட்காரலாம். தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணிகளான ரிவெட் மட்டும் பதினைந்தாயிரம். ஒரு ரிவெட் அடிக்க இரண்டு ஆள் வேண்டும். வெளியே ஒருவர் துப்பாக்கி மாதிரியான கருவியால் அடிக்க, உள்ளே ஒருவர் இரும்புக் கட்டியை அண்டக் கொடுக்க வேண்டும். குமாரசாமி ஆறடி. புஷ்பவல்லி ஐந்தடிக்கும் குறைவு. எனவே வால் பகுதிக்குள் தவழ்ந்து போய்ப் படுத்துக்கொண்டு இரும்பைப் பிடித்தவள் அவள்தான்.

கல்யாணத்துக்கு முன்பு அவள் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். தையல் விட்ட துணியில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளும் வேலை. அந்தக் கண் போகவே இல்லை. அடித்து முடித்த ரிவெட்டுகளை விரலால் தடவிக்கொண்டே போவாள். "ஏனுங்க, இங்க தையல் விட்டிருக்குது" என்பாள். குட்டியாக ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவாள். குமாரசாமி முனகிக்கொண்டே அதைத் துளைத்து எடுத்துவிட்டு மறுபடி அடிப்பார். விமானத்தை ஆய்வு செய்ய வந்த அதிகாரி அரை நாள் டார்ச் அடித்துத் தேடிவிட்டு, "இப்படிப்பட்ட வேலையை நான் பார்த்ததில்லை" என்று கையெழுத்துப் போட்டார்.

விதிப்படி, வீட்டில் கட்டிய விமானம் என்றால் உள்ளே ஒரு எச்சரிக்கைப் பலகை ஒட்ட வேண்டும்: இது அரசின் தர விதிகளுக்கு உட்பட்டதல்ல. அதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு! "நான் வெக்கிற சாம்பாருகூட கெவர்மெண்டு தரத்துல இல்லீங்க. முப்பது வருசமா நீங்க திங்கலியா?"

இன்னொரு விதியும் உண்டு. முதல் நாற்பது மணி நேரம் ஓட்டுபவர் தவிர யாரும் ஏறக் கூடாது. விமானம் நம்பகமானதா என்று அவர் ஒருவரே பறந்து பார்க்க வேண்டும். "செரி, நாப்பது மணி நேரமும் நீங்க ஓட்டுங்க. நான் கீழ நின்னு பாக்கறேன். அதுக்கப்புறம் எனக்கு ஒரு ரவுண்டு" என்று அவள் சொல்லியிருந்தாள்.

அதிகாரி கையெழுத்துப் போட்ட பதினோராம் நாள், தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். விமானம் ஒரு முறைகூடப் பறந்திருக்கவில்லை.

அந்த முதல் ரவுண்டைப் பறந்துவிட வேண்டும். குமாரசாமிக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை.

*

வாரியத்தின் முதல் கடிதம் மூன்றாம் வாரம் வந்தது. கீழே பெயர் இல்லை. 'அலுவலர் 7' என்று மட்டும் இருந்தது. நலச் சான்று நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாகவும், இணைப்பு 38-அ-வைப் பூர்த்தி செய்யும்படியும் கேட்டிருந்தது. குமாரசாமி மேஜையில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, பரீட்சை எழுதுவது போல எழுதினார்.

உரையாடலைத் தொடங்குபவர் யார்? 'நான்.'

மறைந்தவர் குறுக்கிட்டுப் பேசுகிறாரா? 'உயிரோடு இருந்தபோது பேசுவார். இப்போது இல்லை.'

மறைந்தவர் விமானம் ஓட்டுவது குறித்து ஆலோசனை வழங்குகிறாரா? இதற்கு வெகுநேரம் யோசித்தார். 'எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.'

மறைந்தவரிடம் செல்லுபடியாகும் விமானி லைசென்ஸ் உள்ளதா? 'இல்லை.'

வாரியம் இந்தக் கடைசிப் பதிலைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டது. லைசென்ஸ் இல்லாத ஒருவருடன் விமானி தினமும் வானிலை விவாதிப்பது கவலைக்குரியது என்று அலுவலர் 7 எழுதினார். மேலும், மறைந்தவர் பதில் பேசுவதில்லை என்பதற்கு இரு சாட்சிகளின் கடிதம் தேவை. சாட்சிகள் மறைந்தவரை நேரில் அறிந்தவர்களாக இருக்க வேண்டும்.

முதல் கடிதத்தை டாக்டர் ஜெஃப்ரின் கொடுத்தார். இரண்டாவதற்குக் குமாரசாமி, பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் புஷ்பவல்லியோடு சேர்ந்து பூக்கட்டிய அனந்தலக்ஷ்மி ஆன்ட்டியைக் கேட்டார். "இதுக்குப் போயி கேக்கணுமா? பேஷா எழுதறேன்" என்று ஆன்ட்டி ஒரே மூச்சில் ஒன்றரைப் பக்கம் எழுதி, குமாரசாமிக்குக் காட்டாமலே அனுப்பிவிட்டார். புஷ்பா யாரிடமும் அதிர்ந்து பேசியதில்லை என்றும், இப்போதுகூட வெள்ளிக்கிழமைகளில் தன் கனவில் நீலப் புடவையில் வந்து, 'அவரைச் சீக்கிரம் பறக்கச் சொல்லுங்க மாமி' என்று மிகுந்த மரியாதையாகத்தான் சொல்கிறாள் என்றும் எழுதியிருந்தார்.

வாரியத்தின் கோப்பில் ஒரு புதிய தலைப்பு திறக்கப்பட்டது: 'மறைந்தவர் மூன்றாம் நபர்கள் வழியாக விமானியை அவசரப்படுத்துதல்.'

பிளானோவிலிருந்து மகள் யாமினி கூப்பிட்டாள். அங்கே ஒரு பெரிய கம்பெனியில் வேலை. அமெரிக்காவிலேயே பிறந்தவள், தமிழ் புரியும், பேச்சு பாதிதான் வரும்.

"அப்பா, வை டிட் யூ சே எஸ்? எல்லாரும் நோன்னுதான் க்ளிக் பண்ணுவாங்க. எவ்ரிபடி!"

"எல்லாரும் பொய் சொல்ற ஃபார்ம எதுக்கு கண்ணு வெச்சிருக்காங்க?"

"பிகாஸ் இட்ஸ் எ ஃபார்ம், அப்பா!"

*

கோடையில் அவரை ஒரு மனநல நிபுணரிடம் அனுப்பினார்கள். மூன்றரை மணி நேரம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், கழித்தார். கட்டைகளை அடுக்கச் சொன்னார்; விமானமே அடுக்கியவர், அதையும் அடுக்கினார். கடைசியில் அந்த அம்மாள், "உங்கள் மனைவியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். குமாரசாமி சிவப்பு அம்புகளைப் பற்றிச் சொன்னார். நிபுணர் மேஜையிலிருந்த டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, பிறகு தானும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

அறிக்கை ஒரே வரி: 'இது முற்றிலும் இயல்பான துக்கம்.'

வாரியம் உடனே பதில் போட்டது. 'இயல்பான துக்கம் என்ற நிபுணரின் கருத்தை முழுமையாக ஏற்கிறோம். இதன்மூலம் துக்கம் இருப்பது உறுதியாகிறது.' கூடவே ஒரு பக்கப் படிவம். அதில் ஒரே ஒரு கட்டம்தான்: 'துக்கம் முடிந்த தேதி.'

குமாரசாமி பேனாவை எடுத்தார். வைத்தார். அந்தக் கட்டத்தில் 'இன்னும் இல்லை' என்று எழுதினார். தேதி மட்டுமே ஏற்கப்படும் என்று படிவம் திரும்பி வந்தது.

செப்டம்பரில், புஷ்பவல்லி போய் ஒரு வருடம் ஆன வாரத்தில், விசாரணை. கம்ப்யூட்டர் திரையில் மூன்று கட்டங்கள். ஒன்றில் ஒரு வெள்ளைச் சுவர், ஒன்றில் 'அலுவலர் 7' என்ற எழுத்து, நடுவில் கேஸ் மேனேஜர் அம்மையார். அம்மையாருக்கு மிகவும் கனிவான குரல்.

"மிஸ்டர் சாமி, முதலில் உங்கள் இழப்புக்கு எங்கள் வருத்தம். இதை விதி நான்கின்படி நான் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டேன். நீங்கள் துக்கப்படுவதற்கு நாங்கள் எதிரானவர்கள் அல்ல. இந்த வாரியம் துக்கத்தை மிகவும் மதிக்கிறது. வாழ்க்கைத் துணைக்குத் தொண்ணூறு நாள், பெற்றோருக்கு அறுபது, வளர்ப்புப் பிராணிக்கு முப்பது என்று நாங்கள்தான் ஒதுக்கியிருக்கிறோம். வேறு எந்த நிறுவனமும் இவ்வளவு தாராளமாக இல்லை. ஆனால் தொண்ணூற்று ஒன்றாம் நாள் நீங்கள் உணர்வது துக்கம் அல்ல, ஒத்துழையாமை."

"அம்மா, நான் ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்று பழக்கதோஷத்தில் தமிழில் ஆரம்பித்துவிட்டு, குமாரசாமி ஆங்கிலத்துக்கு மாறினார். "நான் ஓட்டத் தகுதியாக இருக்கிறேனா என்றுதானே பார்க்கிறீர்கள்? ஒருநாள் என்னோடு உட்கார்ந்து நான் ஓட்டுவதைப் பாருங்களேன்."

அம்மையார் அதிர்ந்துபோனார். "நாங்கள் விமானத்தில் ஏறுவதில்லை, மிஸ்டர் சாமி. இங்கே யாரும் ஏறியதில்லை. அதனால்தான் எங்களால் பாரபட்சம் இல்லாமல் இருக்க முடிகிறது."

வெள்ளைச் சுவர் இருந்த கட்டத்திலிருந்து முதல்முறையாக ஒரு குரல் வந்தது. "அந்தக் காப்பி எத்தனை அவுன்ஸ்?"

*

இப்படித்தான் டம்ளர் குறைப்புத் திட்டம் பிறந்தது.

நீண்ட நாள் சாப்பிட்ட மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. படிப்படியாகக் குறைக்க வேண்டும். வாரியம் அதே அறிவியலைப் பின்பற்றியது. முதல் வாரம் ஆறு அவுன்ஸ். இரண்டாம் வாரம் நான்கு. மூன்றாம் வாரம் இரண்டு. நான்காம் வாரம் காலி டம்ளர். ஐந்தாம் வாரம் டம்ளரும் கிடையாது. பேச்சுக்கும் அப்படியே: இரண்டு நிமிடம், ஒரு நிமிடம், அரை நிமிடம், ஒரு வாக்கியம், மௌனம். ஒவ்வொரு ஞாயிறும் அளவுக் கோப்பையோடு டம்ளரைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். டாக்டர் ஜெஃப்ரின் கண்காணிப்பாளர்.

"அங்கிள், நான் எம்.டி. படிச்சவன். காப்பிக்கு டேப்பரிங் ஷெட்யூல்ல கையெழுத்துப் போடுதேன். எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா கல்லறைலருந்து எந்திச்சி வந்து அடிப்பாரு."

"அவரு வந்தா யார்கிட்டயும் சொல்லீறாதீங்க டாக்டர். உங்க லைசென்ஸும் போயிரும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நீங்கள் கேட்கலாம், இதற்கெல்லாம் எதற்கு ஒத்துக்கொண்டார் என்று. ஹாங்கரில், அதாவது ஊருக்குத் தெற்கே விமானத்தை நிறுத்தியிருந்த தகரக் கொட்டகையில், வளைகுடாவின் உப்புக் காற்று ஒரு வருடத்துக்கு மேலாக அந்த அலுமினியத்தை நக்கிக்கொண்டிருந்தது. ஓடாத எஞ்சின் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். வாரத்துக்கு ஒருமுறை போய்த் துடைப்பார். துடைக்கும்போது விரல் தானாக ரிவெட் வரிசையில் போகும். ஒவ்வொன்றின் மறுபக்கத்திலும் ஒரு காலத்தில் ஒரு கை இருந்தது. காப்பியா, இந்தக் கையா என்று வந்தபோது, குமாரசாமி காப்பியை விட்டுக்கொடுத்தார்.

நான்கு அவுன்ஸ் வாரத்தில் மேக உயரத்தைச் சொல்ல நேரம் போதவில்லை. இரண்டு அவுன்ஸ் வாரத்தில் யாமினி நான்கு மணி நேரம் காரோட்டிக்கொண்டு வந்தாள். காலையில் எழுந்து வந்தவள், அப்பா அளவுக் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பதையும், போட்டோவின் முன்னால் மருந்து மாதிரி டம்ளரின் அடியில் கொஞ்சம் காப்பி இருப்பதையும் பார்த்தாள்.

"திஸ் இஸ் இன்சேன்" என்றாள். பிறகு அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா, நீங்க அம்மாகிட்ட டெய்லி பேசும்போது என்னைப் பத்தி சொல்வீங்களா?"

"மொதல்ல காத்தச் சொல்லுவேன். அப்புறம் உன்னையத்தான்."

"இப்ப எவ்ளோ டைம் இருக்கு?"

"முப்பது செகண்டு."

"தென் ஸ்கிப் த விண்ட், அப்பா."

அன்று அவர் காற்றைச் சொல்லவில்லை.

நவம்பர் பதினான்கு, வெள்ளிக்கிழமை, டம்ளர் இல்லாத முதல் நாள். குமாரசாமி தன் காப்பியைக் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். வாசல் கதவுவரை போய்விட்டுத் திரும்பினார். சொல்வதற்கு ஆளில்லாதபோது காற்று எந்தப் பக்கம் அடித்தால் என்ன? அடுத்த நாள் கதவுவரைகூடப் போகவில்லை. பன்னிரண்டு வருடமாக ஒரு நாள் தவறாமல் வானத்தைப் பார்த்த விமானி, வாரியத்தின் திட்டம் வெற்றி பெற்ற அன்றோடு வானத்தைப் பார்ப்பதை நிறுத்தினார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் வாரியத்துக்கு அது தெரியவில்லை.

*

டிசம்பர் முதல் வாரம் சான்றிதழ் வந்தது. கெட்டி அட்டை, தங்க விளிம்பு.

'விமானி குமாரசாமி பறக்க முழுத் தகுதி உடையவர். துக்கம்: இல்லை. துக்கம் முடிந்த தேதி: நவம்பர் 14.'

கூடவே ஒரு நிபந்தனை. முதல் பறப்பின் அறிக்கையை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். திட்டமிட்டுவிட்டுப் பறக்காமல் போனாலும் காரணத்தைத் தெரிவிக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு விமான நிலையம். இங்கே குளிர் காலத்தில் சில நாள் வானத்தைக் கழுவிக் காயப்போட்ட மாதிரி இருக்கும். அன்று அப்படித்தான் இருந்தது. யாமினி பிளானோவிலிருந்து முந்தின நாளே வந்திருந்தாள். அம்மா நிற்பதாகச் சொன்ன இடத்தில், வேலியோரம், கையில் ஃபோனோடு நின்றாள்.

குமாரசாமி விமானத்தை வெளியே தள்ளினார். இருக்கைப் பையிலிருந்து புஷ்பவல்லியின் அட்டையை எடுத்தார். இணைப்பு 38-அ-வில் அவர் எழுதிய 'எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்' இதுதான். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள். விமானம் கிளம்புமுன் பார்க்க வேண்டிய இருபத்து மூன்று விஷயங்களை அவள் கையெழுத்தில், அவள் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாள். ஓடுபாதையில் ஓட்டிப் பார்த்த நாட்களில் அவள் வெளியே நின்று சத்தமாக வாசிப்பாள். அவர் "ஆச்சு" என்பார். செக்கிங்கில் ஒருவர் படிக்க ஒருவர் பார்ப்பதுதான் முறை. தானே படித்துத் தானே பார்த்தால் கண் ஏமாற்றும் என்பது திருப்பூர்ச் சட்டம்.

இன்று இரண்டையும் அவரே செய்தார்.

"எறக்கை ரெண்டையும் புடிச்சு ஆட்டிப் பாத்தீங்களா?"

"ஆச்சு."

"பெட்ரோல் எவ்வளவு? குச்சி விட்டுப் பாருங்க, மீட்டர நம்பாதீங்க."

"ஆச்சு."

"பெட்ரோல்ல தண்ணி எறங்கியிருக்குதா? அவசரப்படாம பாருங்க."

டாங்க்கின் அடியில் கண்ணாடிக் குப்பியை வைத்துக் கொஞ்சம் பிடித்தார். பதினைந்து மாத ஈரம் சும்மா இருக்குமா? அடியில் ஒரு கோலிக்குண்டு மாதிரி தண்ணீர் உருண்டது. அதோடு மேலே போயிருந்தால் பாதி வழியில் எஞ்சின் நின்றிருக்கும். வாரியத்தின் அறுபத்து நான்கு கேள்விகளில் இது இல்லை. தண்ணீர் முழுதும் போகும்வரை ஆறு குப்பி பிடித்துக் கொட்டினார்.

"ஆச்சு."

உள்ளே ஏறினார். பெல்ட், கதவு, கட்டுப்பாடுகள். "கதவ இழுத்துப் பாருங்க, பூட்டுன மாதிரி நடிக்கும்." ஆச்சு. எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது. இருபத்திரண்டு கேள்வியும் ஆச்சு. ஊசிகள் எல்லாம் பச்சைப் பகுதியில் நின்றன. சான்றிதழ் பையில் இருந்தது. ஓடுபாதை காலி.

இருபத்து மூன்றாவது வரி. அவர் சிரித்துவிட்டு எப்போதும் தாண்டிப் போகிற வரி. 'இதெல்லாம் எதுக்குடி?' என்று கேட்டபோது, 'மெஷினச் செக் பண்ணினா போதுமா, ஓட்டறவரைப் பாக்க வேண்டாமா?' என்று அவள் சேர்த்தது.

குமாரசாமி அதைச் சத்தமாகப் படித்தார்.

"மனசு செரியா இருக்குதா? இல்லைன்னா எறங்கி வந்துருங்க."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறந்தார். டாக்டரிடம், நிபுணரிடம், மூன்று கட்டங்களிடம், டம்ளரிடம், எல்லோரிடமும் நிரூபித்தாகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு 'ஆச்சு'தான் பாக்கி. பக்கத்து இருக்கையின் பெல்ட் ஆளில்லாமல் மடித்துக் கிடந்தது. பதினைந்து மாதத்தில் எத்தனையோ பேர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தார்கள். பதில் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டவள் இவள் ஒருத்திதான்.

"இல்ல புஷ்பா" என்றார்.

எஞ்சினை அணைத்தார்.

யாமினி வேலியோரத்திலிருந்து ஓடி வந்தாள். "அப்பா! என்னாச்சு? இஸ் சம்திங் ராங்? எஞ்சினா?"

"எஞ்சின் நல்லா இருக்குது கண்ணு. எல்லாம் நல்லா இருக்குது."

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இருவருமாக ஆளுக்கொரு இறக்கையைப் பிடித்து விமானத்தை மெல்லக் கொட்டகைக்குள் தள்ளினார்கள்.

*

அறிக்கையை அன்று மத்தியானமே எழுதியாக வேண்டியிருந்தது. பறக்காததற்குக் காரணம் என்ற தலைப்பின் கீழே நாலு கட்டங்கள்: வானிலை, இயந்திரக் கோளாறு, எரிபொருள், விமானியின் உடல் அல்லது மனநிலை. நாலாவதில் டிக் செய்தால் மறுபடி ஆறு அவுன்ஸிலிருந்து தொடங்குவார்கள். ஏழு வருடத்தில் ஒரு ரிவெட்டுக்குக்கூடப் பொய் எழுதாத குமாரசாமி, ஜன்னலுக்கு வெளியே ஒரு மேகம்கூட இல்லாத வானத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். 'வானிலை' என்று டிக் செய்தார்.

பத்தாம் நாள் வாரியத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. 'மோசமான வானிலையைச் சரியாகக் கணித்துப் பறப்பதைத் தவிர்த்த உங்கள் பொறுப்புணர்வு மற்ற விமானிகளுக்கு எடுத்துக்காட்டு. துக்கத்திலிருந்து முழுமையாக விடுபட்ட ஒருவரால்தான் இத்தகைய தெளிவான முடிவை எடுக்க முடியும். – அலுவலர் 7.'

அந்தக் கடிதம் வந்தபோது புஷ்பவல்லியின் படத்துக்கு முன்னால் டம்ளர் பழையபடி விளிம்புவரை நிறைந்திருந்தது. சனிக்கிழமைக்கு அடுத்த நாள் காலையிலேயே குமாரசாமி அதை வைத்துவிட்டார். அன்று காப்பி போட்டார், வாசலுக்குப் போய் நின்றார், வெகுநாள் கழித்து அண்ணாந்து பார்த்தார், உள்ளே வந்தார்.

"தெக்கத்திக் காத்து, புஷ்பா. வேகம் எட்டு நாட். மேகமே இல்ல. யாமினி தூங்கறா, சாயங்காலம்தான் கெளம்பறாளாம்."

ஆவி டம்ளரிலிருந்து மேலே போய்க்கொண்டிருந்தது.

"நேத்து என்னால முடியலை. நாளைக்கும் கேளு."